மடியில் ஆறு கிலோ

வெள்ளானூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். காலையில் அங்கே நிறைய பேர் நடப்பார்கள். போன வாரம் இரண்டு பேர் என் ரப்பர் குழாயைத் தாண்டிக்கொண்டே பேசிப் போனார்கள்.

"மூணு வாரமா வெயிட் அப்படியே நிக்குதுங்க. மோட்டிவேஷனே போச்சு."

"ஒரு வீடியோ அனுப்பறேன், பாருங்க. ஒருத்தர் சூப்பரா பேசியிருக்கார்."

அந்த மாதிரி வீடியோக்களை என் மகள் போனில் நானும் பார்த்திருக்கிறேன். பல் தெரியச் சிரிக்கிறார்கள். எடை என்பது வெறும் எண்தான், மனம் தளராதீர்கள், உங்களை நீங்களே பாராட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெறும் எண்ணாம். அந்த எண் இறங்கவில்லை என்பதற்காக ஒரு மனிதர் மாதக்கணக்கில் கையில் ஊசியோடு படுத்துக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தவன்.

நடக்கிறவர்களை நிறுத்தி இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுத வரும். எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே சமையல் முழுக்க ஒரு அம்மாவின் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்கா. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் தேடி வந்து அடிப்பார்.

அக்காவுக்கு எப்போதும் கோபம். மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். அவருடையது கேன்டீன் அடுப்பு மாதிரி, காலையில் பற்றவைத்தால் கடைசி ஷிஃப்ட் சாப்பாடு வரை அணையாது. சிலிண்டர் கொண்டுவருகிறவனோடு சண்டை. பஸ் கண்டக்டரோடு சண்டை. ஆள் கிடைக்காவிட்டால் காயோடு சண்டை. நான் நறுக்கிய கத்தரிக்காயில் பூச்சி இருந்தால் அதைக் கையில் எடுத்து, "ஏண்டா, உள்ள பூச்சிய வெச்சுகினு மேல பளபளன்னு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று கேட்பார். அதிகம் பேசாத எனக்கு அவர் வைத்த பெயர் ஊமைக்கொட்டான். யாராவது அவரைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிவிட்டால் மட்டும் கரண்டி பறக்கும்.

பாவம் என்று சொல்லக் காரணம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போய்க்கொண்டிருந்தார். அக்காவின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தியது. அதைக் கொடுக்க அக்கா தயார். டாக்டர்தான் தயாராக இல்லை. இவ்வளவு பருமனோடு அறுவை சிகிச்சை செய்தால் உங்களுக்கே ஆபத்து, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அப்போது அக்கா எண்பத்தாறு கிலோ. எழுபத்துநாலுக்கு வர வேண்டும்.

"கிட்னி உள்ள கீது சார். வெளிய கீற சதைக்கு அங்க இன்னா வேலை?" என்று டாக்டரிடமே கேட்டாராம். டாக்டர் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை வைத்தே அக்கா முதல் மாதம் முழுக்க நடந்தார்.

வேலை முடிந்ததும் பஸ் ஏற மாட்டார். ஹைவே ஓரமாகக் குத்தம்பாக்கத்தில் புது பஸ் ஸ்டாண்டுக்கு வேலை நடந்த இடம் வரை போய்த் திரும்பி வருவார். சோறு ஒரு கரண்டி. டீயில் சர்க்கரை கிடையாது. சமைக்கிறவர் இத்தனையும் விட்டாலும் உப்பு பார்ப்பதை விட முடியுமா? ஒரு நாளைக்கு ஐந்தாறு அண்டா. ஒவ்வொன்றிலும் நாலு வாய் பார்த்தால் அதுவே ஒரு சாப்பாடு. அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். "யோவ் ஊமைக்கொட்டான், வாயத் தொற." ஒரு கரண்டி சாம்பார் உள்ளே போகும். "உப்பு?" நான் தலையை ஆட்டுவேன். "எந்தப் பக்கம் ஆட்டற? கூடவா, கம்மியா? வாயத் தொறந்தா சாம்பார் ஊத்தறதுக்கு மட்டுந்தான் தொறப்பியா?"

கேன்டீன் குடோனில் அரிசி மூட்டை நிறுக்கும் மேடை மிஷின் ஒன்று உண்டு. திங்கள்கிழமை காலையில் அக்கா அதன் மேல் ஏறி நிற்பார். சிவப்பு எழுத்தில் எண் ஓடி நிற்கும். எண்பத்தாறு, எண்பத்துநாலு, எண்பத்திரண்டு என்று இறங்கி வந்து எண்பதில் நின்றது.

அடுத்த திங்களும் எண்பது. அதற்கடுத்த திங்களும் எண்பது.

மிஷின் மேல் சந்தேகம் வந்தது. என்னை ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னார். இருபத்தைந்து கிலோ மூட்டை, இருபத்தைந்து என்று காட்டியது. இன்னொரு மூட்டை வைத்தேன். ஐம்பது. அக்கா மிஷினைக் காலால் ஒரு எத்து எத்தினார். "அரிசின்னா ஒழுங்கா சொல்லுது. என்னிய பார்த்தாத்தான் இதுக்கு வாய் வர்ல."

எடை நின்றதும் ஊரெல்லாம் டாக்டராகிவிட்டது. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதை நினைத்தால்தான். பேக்கிங்கில் வேலை செய்த அம்மா கொள்ளுத் தண்ணி குடி என்றார். டைம் ஆபீஸ் ஆள் வெந்நீரில் தேன் என்றான். சூப்பர்வைசர் தன் வயிறு டேபிளில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, "உட்டுத் தள்ளுக்கா, ஒன் ஒடம்பு வாகு அப்டி" என்றார். ராத்திரியில் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறார் என்று முதுகுக்குப் பின்னால் பேசினவர்களும் உண்டு. அவர் என்ன சாப்பிட்டார் என்பது கூட நின்ற எனக்குத் தெரியும். இவர்களில் ஒருவராவது ஒருநாள் அவரோடு குத்தம்பாக்கம் வரை நடந்திருந்தால், எதையும் சொல்ல விட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித் தரும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். "உடம்பு கொஞ்ச நாள் இப்படி நிக்கும்மா. கம்மி சாப்பாட்டுக்குப் பழகிடும். இது எல்லாருக்கும் வரும். நிறுத்தாம இருந்தீங்கன்னா மறுபடி இறங்கும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அக்காவுக்கு அதில் ஒரு சொல் குத்திவிட்டது.

"எல்லாருக்கும் வருமாம்யா" என்று மறுநாள் வெங்காயத்தை உரித்து எறிந்தார். "எல்லார் ஊட்டுக்காரனுக்கும் கிட்னி பூடுச்சா?"

அவருக்குக் கோபம்தான் கால். அதை நான் போகப்போகத்தான் புரிந்துகொண்டேன். சாயந்திரம் கிளம்பும்போது யார் மேலாவது கோபம் இருந்தால் அன்றைக்கு நடை நன்றாக இருக்கும். இல்லாத நாளில் என்னிடம் வந்து நிற்பார். "இன்னிக்கு ஒருத்தனும் மாட்டல. நீயாச்சும் எதுனா பண்ணித் தொலையேன்யா."

ஒருநாள் குடோனில் கவிழ்த்து வைத்த ஒரு குண்டான் மேல் உட்கார்ந்திருந்தார். திங்கள்கிழமை. காலையில் அவர் இறங்கின பிறகும் மிஷினில் எண்பது என்று சிவப்பாக எரிந்துகொண்டிருப்பது மாதிரியே என் கண்ணுக்குத் தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை. அப்படி அவரை நான் பார்த்ததில்லை. "எறங்கவே எறங்கலன்னா அந்த ஆளு இன்னாயா ஆவாரு?" என்று மெதுவாகக் கேட்டார். வேலை முடிந்து நேரமாகியும் எழவில்லை. செருப்பு மாட்டவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் ஒரு தாம்பாளம் நிறைய மறுநாளைக்கு உரித்த சின்ன வெங்காயம் இருந்தது. அதைத் தட்டிவிட்டேன். குடோன் முழுக்க உருண்டது, மூட்டைக்கு அடியில், மிஷினுக்கு அடியில்.

"டேய்!" என்று எழுந்தார். என்னைப் பெற்றவர்கள், வளர்த்தவர்கள், எனக்குப் பெண் கொடுத்தவர்கள் யாரையும் விடவில்லை. திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார், திட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டினார். ஹைவேயில் லாரிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது. நான் குனிந்து வெங்காயம் பொறுக்கினேன். வேண்டுமென்றே செய்தேன் என்று அவருக்குத் தெரியுமா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று வந்தது. அவர் வீட்டுக்காரரின் அக்கா ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். சிறுநீரகம் பொருந்துகிறது என்று தெரிந்த அன்றே, தம்பி பிழைக்க வேண்டும் என்று, கொடுக்கிறவளை அம்மன் கோயில் துலாபாரத்தில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டிக்கொண்டார். எண்பத்தாறு கிலோ வெல்லம் அப்போதே வாங்கி மூட்டையாகக் கட்டி வைத்தாயிற்று. இப்போது எடை நின்றுவிட்டதும் அந்த அம்மா குறி கேட்கப் போனார். குறி சொன்னவள், "அம்மனுக்குச் சேர வேண்டிய எடையில் குறை வைத்துவிட்டீர்கள், அதனால்தான் அவள் பிடித்து வைத்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டாள்.

ஆக, அக்கா திரும்ப எண்பத்தாறு கிலோவுக்கு ஏற வேண்டும். ஏறி, தராசில் உட்கார்ந்து, வேண்டினபடி வெல்லம் கொடுத்துவிட்டால், அதன்பிறகு எடை கடகடவென்று இறங்கும். தெரு முழுக்க இதையே பேசியது. படித்தவர்களும் பேசினார்கள்.

மறுநாளிலிருந்து கேன்டீனுக்கு அடுக்குக் கேரியர் வரத் தொடங்கியது. பூரி, நெய் சொட்டும் பொங்கல், அதிரசம். அந்த அம்மாவே தூக்கிக்கொண்டு வந்து கேட்டில் நிற்பார். "சாப்புடும்மா. ஒனக்காவா சொல்றேன்? என் தம்பிக்காவ சொல்றேன்." ஆறு கிலோ இறங்க ஒரு பெண் என்ன பாடுபட்டாள் என்று தெரிந்தும், பொங்கலை நீட்டிய அந்தக் கையை நினைத்தால் இப்போதும் என் உடம்பு எரிகிறது. கெட்டவரில்லை. தம்பி மேல் உயிர். அதனால் இன்னும் எரிகிறது. அக்கா கேரியரை வாங்கி அப்படியே ஷிஃப்ட் முடிந்து வருகிற பையன்களுக்குக் கொடுத்துவிடுவார்.

ஆனால் வீட்டுக்காரரே பயந்துவிட்டார். ஒருநாள் நான் ஒரு பாத்திரம் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நிற்கும்போதே காதில் விழுந்தது.

"எங்க அக்கா சொல்றபடி செஞ்சுட்டுத்தான் போயேன். ஆறு கிலோதானே."

"ஆறு கிலோதானேவா? யோவ், அந்த ஆறு கிலோ எப்படி எறங்குச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"சாமி குத்தத்தோட வர்ற கிட்னி எனக்கு வேணாம். நான் இப்டியே பூடறேன்."

அக்கா வெளியே வந்தார். என்னைத் தாண்டிப் போனார், பாத்திரத்தை வாங்கவில்லை. மிதிக்கிற மிதியில் தெருப் புழுதி எழுந்தது. அன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தாரோ தெரியாது.

மறுநாள் காலையில் கேன்டீன் பின்கட்டுக்குப் போய், யாரும் தொடாமல் கிடந்த பழைய அம்மிக் குழவியைக் கழுவினார். "இத்த மிஷின்ல வையி" என்றார். ஐந்தரை கிலோ காட்டியது. ஒரு தேங்காயைச் சேர்த்து வைத்தார். ஆறு. "கோணியில கட்டு. வெள்ளிக்கெழம நீ என்கூட கோயிலுக்கு வர்ற."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. தூக்கிக்கொண்டு போனேன்.

கோயிலில் சங்கிலி போட்ட பெரிய மரத் தராசு. ஒரு தட்டில் வெல்ல மூட்டைகள். நாத்தனார் பட்டுப் புடவையில் நின்றார். வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தராசுத் தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என்னிடம் கையை நீட்டினார். நான் குழவியைக் கொடுத்தேன். தேங்காயையும் கொடுத்தேன். இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

பூசாரி கிட்டே வந்தார். "இன்னாமா இது?"

"குழவி."

"தெரியுது. இங்க எதுக்கு?"

"எங்கிட்டேருந்து எறங்குன எடை. அம்மனுக்குச் சேரணுமாம். ஒடம்புல திரும்ப ஏத்திக்க என்னால ஆவாது. மடில வெச்சுக்கறேன்."

"கல்லும் சதையும் ஒண்ணாடி?" என்று நாத்தனார் கத்தினார்.

"தராசுக்கு ஒண்ணுதான் அண்ணி."

கூட்டம் கூடிவிட்டது. பூசாரி தாடையைச் சொறிந்தார். பேர் வைக்கிறபோது பிள்ளைக்கு முன்னால் தொட்டிலில் போடுகிற கல்தானே, தோஷம் ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அது போதாதா கூட்டத்துக்கு? பூக்கார அம்மா ஒருத்தி, "கொழந்த யாரு ஜாடம்மா?" என்று குரல் கொடுத்தாள்.

"எங்க அண்ணி ஜாட" என்றார் அக்கா. "பாரு, எவ்ளோ சொன்னாலும் அசையுதா?"

சிரிப்பு வெடித்தது. துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த மனிதரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நாத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெல்லத் தட்டு மெல்ல மேலே எழும்பி அக்காவுக்குச் சமமாக நின்றது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்குக் கும்பிடக் கை இல்லை, இரண்டு கையும் குழவியில் இருந்தது. அம்மனை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரரின் பயம் தீர்ந்தது. இனி மறுப்பு சொல்ல மாட்டேன் என்றார். எடை?

அடுத்த திங்கள்கிழமை எண்பது.

வெல்லம் போய்ச் சேர்ந்த பிறகும் எண்பது. நாத்தனார் கேட்டுக்கு வந்து விசாரித்துவிட்டு, "அம்மன் மெதுவாத்தான் உடுவா" என்று சொல்லிப் போனார். அக்கா ஆஸ்பத்திரியில் அந்தச் சின்னப் பெண் சொன்ன மாற்றங்களைச் செய்தார். பட்டினி போட்டது போதும் என்று காலையில் முட்டையும் சுண்டலும் சாப்பிடச் சொல்லியிருந்தாள். ஒரே மாதிரி நடக்காமல், ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை வேகமாக, அதற்கடுத்தது வரை மெதுவாக நடக்கச் சொல்லியிருந்தாள். மழை வந்தது. ஹைவே ஓரமெல்லாம் சேறு. லாரிக்காரன்கள் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனார்கள். அக்கா அவன்களைத் திட்டிக்கொண்டே கம்பத்துக்குக் கம்பம் நடந்தார். எண் அசையாத திங்கள்கிழமைகளில் அவர் எங்கள் யாரிடமும் பேச மாட்டார். சாயந்திரம் செருப்பை மாட்டுவார்.

ஒரு திங்கள்கிழமை எழுபத்தொன்பது காட்டியது. நான் கத்திவிட்டேன். அக்கா இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார். அதேதான். பிறகு இறங்க ஆரம்பித்தது, நின்று நின்று, சண்டை போட்டுச் சண்டை போட்டு.

தெருவில் பேச்சு என்ன தெரியுமா? "பார்த்தியா, வெல்லம் குடுத்ததும் அம்மன் உட்டுட்டா." எல்லோரும் அதையே சொன்னார்கள். நாத்தனார் அக்காவிடமே வந்து சொன்னார்.

"அம்மனா அண்ணி குத்தம்பாக்கம் வரைக்கும் நடந்தா?" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். நானாக இருந்தால் அந்தக் குழவியாலேயே ஏதாவது செய்திருப்பேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அடுத்த வருஷம் வீட்டைக் காலி செய்துகொண்டு அக்காவின் அம்மா வீட்டுப் பக்கம் போய்விட்டார்கள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று கேள்வி. ஆனால் அக்கா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, ஆஸ்பத்திரியில் சேர்கிற அன்று காலையில் நடந்ததுதான்.

பையைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போயிருந்தேன். கடைசியாக எடை பார்த்தார்கள். எழுபத்துநாலுக்குக் கொஞ்சம் கீழே. சாப்பாட்டு முறை சொல்லும் அந்தப் பெண் ஓடி வந்து கையைக் குலுக்கினாள். பிறகு தயங்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைக் காட்டினாள். "அவங்களும் டோனர்தான்க்கா. வெயிட் நின்னுடுச்சு. ரொம்ப மனசு விட்டுட்டாங்க. நீங்க கொஞ்சம் மோட்டிவேட் பண்ணுங்களேன்."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"யாருக்குக் குடுக்கற?"

"பையனுக்கு."

"எம்மா நாளா நிக்குது?"

"ரெண்டு மாசமாச்சு. எல்லாரும் விட்டுடுன்னு சொல்றாங்க. வேற யாராவது கிடைப்பாங்களாம்."

"எவன் சொன்னான்?"

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

"அவன் குடுப்பானா?"

அந்த அம்மா அழுகையை நிறுத்தினார். "மாட்டாரு" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "கேட்டோமே. டெஸ்ட் எடுக்கக்கூட வரல" என்றார். குரல் மாறியிருந்தது.

"வரல இல்ல? அப்புறம் அவனுக்கு இன்னா வாய் வேண்டிக் கெடக்குது? எழுந்திரு."

"எங்கக்கா?"

"எழுந்திரு சொல்றேன். நடந்துகினே சொல்லு, இன்னும் இன்னா இன்னா சொன்னான் அவன்?"

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். இருவரும் அந்த நீளமான தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். ஒருமுறை போய்த் திரும்பி வரும்போது அந்த அம்மா பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை வரும்போது கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "டோனர் எங்கே? அட்மிஷன் போடணும், எங்கே போனாங்க?" பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்" என்றேன். எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது. "வேலையா கீறாங்க."

தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பத்தல. இன்னும் திட்டு. காலை எட்டிப் போடு."